குதிரைக்குப் பகை குளிர் அன்று, மனிதனின் மறதியே

மார்கழி, தை மாதங்கள் வந்தால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் எம்மவர்களிடமிருந்து எனக்கு ஒரே வகையான படங்கள் வந்து சேரும். வெண்பனி மூடிய வயல்வெளி. அதன் நடுவே நாலைந்து குதிரைகள். முதுகில் பனித்தூள் படிந்திருக்கும்; பிடரி மயிரில் பனி உறைந்து தொங்கும். படத்தின் கீழே, "இந்த வாயில்லாச் சீவன்களை இப்படி வெளியில் விட்டிருக்கிறார்களே, இவர்களுக்கு இரக்கமே இல்லையா?" என்ற கேள்வி இருக்கும்.

கேள்வி நல்ல மனதிலிருந்தே எழுகிறது. வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்த எமக்குப் பனி என்றாலே நடுக்கம். எனினும் அந்தப் படங்களில் உள்ள குதிரைகளுள் பெரும்பாலானவை எவருடைய இரக்கத்துக்கும் உரியவை அல்ல. முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடக்கின்றது என்றால், உடற்சூடு வெளியே கசியாமல் உள்ளேயே காக்கப்படுகின்றது என்பதே பொருள். இரக்கத்துக்கு உரிய குதிரை பெரும்பாலும் படத்தில் வருவதில்லை. அது மூடிய லாயத்தினுள்ளே நிற்கும். அல்லது வீதியிலிருந்து பார்த்தால் கொழுத்தது போலத் தோன்றும் அடர்ந்த மயிரின் கீழே விலா எலும்புகளை மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் தண்ணீர்த் தொட்டி மூன்று நாளாக உறைந்து கிடக்கும்.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. புலம்பெயர்ந்த எமது சமூகத்தில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் குதிரையேற்றம் பழகுகின்றார்கள். ஒன்ராறியோவிலும் தென் இங்கிலாந்திலும் எனக்குத் தெரிந்த குடும்பங்கள் சில, பிள்ளையின் விருப்பத்துக்காக ஒரு மட்டக்குதிரையையே சொந்தமாக வாங்கியிருக்கின்றன. மகிழ்ச்சியான விடயந்தான். ஆனால் குதிரை வாங்கப்படுவது பெரும்பாலும் கோடையில். அதனை வைத்திருக்க வேண்டியதோ பனிக்காலத்தில். "யானையைக் கட்டித் தீனி போடுவது போல" என்று எம்மவர் சொல்வதன் பொருள் கார்த்திகை மாதத்தில்தான் இவர்களுக்குப் புரிகின்றது. அதற்குப் பிறகு நடப்பதுதான் என் கவலை.

முதலில் குதிரையின் உடலைப் பார்ப்போம். பகற்பொழுது குறையத் தொடங்கியதுமே, குளிர் வருவதற்கு வெகு முன்னரே, குதிரைக்குப் பனிக்கால மயிர் முளைக்கத் தொடங்குகின்றது. அதற்கு அடையாளம் காட்டுவது வெப்பநிலையன்று, வெளிச்சமே. பகல் மீண்டும் நீளத் தொடங்கியதும் அதே உடல் மயிரை உதிர்க்க ஆயத்தமாகின்றது. இந்த மயிர் குளிரில் சிலிர்த்து நிற்கும். இடையில் காற்றைச் சிறைப்பிடித்து வைக்கும். குளிருக்குப் பழகிய, நல்ல உடல்நிலையுள்ள, நனையாத ஒரு வளர்ந்த குதிரை ஏறக்குறைய மறை 15 பாகை செல்சியஸ் வரை மேலதிகத் தீனி எதுவுமின்றியே தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள வல்லது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகின்றது? வயிற்றிலிருந்து. குதிரையின் பெருங்குடற் பகுதி ஒரு பெரிய நொதித்தற் பானை. நாரான தீனி அங்கே நுண்ணுயிர்களால் நொதிக்கப்படும்போது பெருமளவு வெப்பம் பிறக்கின்றது. ஆகவே குளிரும் குதிரைக்குத் தேவைப்படுவது முதலில் உலர்புல்; தானியம் அதற்குப் பின்னரே. குளிர்கின்றதே என்று ஒரு வாளி ஓட்ஸைக் கொட்டுபவர் நல்லது செய்வதாக நினைக்கின்றார். அந்த வேலையைச் செய்வது ஒரு கட்டு நல்ல உலர்புல்லேயாகும்.

அப்படியானால் குளிர் ஒன்றுமே செய்யாதா? செய்யும். நனைந்த குதிரையை அது வாட்டும். மழையில் தோய்ந்து மயிர் படிந்துவிட்டால், சிறைப்பிடித்த காற்று போய்விடுகின்றது. அப்போது மறை 15 அன்று, நேர் 5 பாகையே அதற்குத் தாங்கமுடியாத எல்லையாகி விடலாம். ஆகவே ஒன்ராறியோவின் காய்ந்த பனியைவிட இங்கிலாந்தின் ஓயாத கார்த்திகை மழையும் காற்றும் குதிரைக்குக் கொடியவை. மயிர் கத்தரிக்கப்பட்ட குதிரை, பற்கள் தேய்ந்த கிழக்குதிரை, மெலிந்த குதிரை, குட்டி ஆகியவற்றையும் குளிர் வருத்தும். இவற்றுக்கெல்லாம் காற்றை மறிக்கும் மூன்று சுவரும் ஒரு கூரையும் வேண்டும். நான்காவது பக்கம் திறந்திருக்கலாம், திறந்திருப்பதே நல்லது.

இனித் தண்ணீர். குளிர்நாட்டுக் குதிரை வளர்ப்பில் வெளியாருக்குக் கண்ணிற் படாத உண்மையான ஆபத்து இதுவே. கோடையில் குதிரை மேயும் பச்சைப் புல்லில் பாதிக்கு மேல் தண்ணீர். உலர்புல்லில் அது நூற்றுக்குப் பதினைந்து வீதத்துக்கும் குறைவு. தீனி காய்ந்துபோகும் அதே நாட்களில் தொட்டியும் உறைந்து போகின்றது. 500 கிலோ எடையுள்ள குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 45 லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். உறைநிலையை அண்மித்த தண்ணீரைக் குதிரைகள் குறைவாகவே குடிக்கின்றன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் மட்டக்குதிரைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளில், குளிர் நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் வைக்கப்பட்டபோது அவை ஏறக்குறைய 40 வீதம் கூடுதலாகக் குடித்தன. தண்ணீர் குறைந்தால் காய்ந்த தீனி குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. குடலடைப்பினால் வரும் வயிற்றுவலி ஒரே இரவில் அதன் உயிரைக் குடித்துவிடும்.

"பனியைத் தின்னட்டுமே" என்று சிலர் சொல்வதுண்டு. காட்டில் திரியும் குதிரைகள் பனியைத் தின்று சமாளிப்பது உண்மைதான். அவை அதற்குப் பழகியவை. நாளெல்லாம் நடந்து சிறுகச் சிறுக உண்பவை. வேலிக்குள் நின்று உலர்புல் தின்னும் குதிரையை அந்தக் கணக்கில் சேர்ப்பது, சோம்பலுக்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பதாகும். காலையும் மாலையும் தொட்டியின் பனிக்கட்டியை உடைப்பதோ, மின்சூடாக்கி ஒன்றைப் பொருத்துவதோ, உப்புக்கட்டி ஒன்றை வைப்பதோ பெரிய கல்வி வேண்டும் வேலையன்று. அதற்கு வேண்டியது ஒன்றே: காலை ஆறு மணி இருட்டில், மறை 20 பாகையில், சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போகும் மனம்.

தீனியின் கணக்கும் எளிது. தன் எடையில் 2 வீதம் அளவு உலர்புல் என்றால் 500 கிலோக் குதிரைக்கு நாளொன்றுக்கு 10 கிலோ. கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை 150 நாட்கள் என்று கொண்டால் ஒன்றரைத் தொன். எல்லைக்குக் கீழே குளிர் இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் இரண்டு முதல் இரண்டரை வீதம் கூடுதலாக வேண்டும் என்று கொள்வார்கள். இந்த ஒன்றரைத் தொன்னை ஆவணியில் வாங்கி அடுக்கியவருக்குத் தை மாதம் ஒரு பிரச்சினையே அல்ல. தையில் வாங்கப் புறப்படுபவருக்கு விலையும் கூட, தரமும் குறைவு. சில வருடங்களில் கிடைப்பதே அரிது.

ஒன்ராறியோவில் ஒரு சிறிய பண்ணையை நடத்தும் வயதான பெண்மணி ஒருவரிடம், பனிக்காலத்தில் குதிரையின் நிலையை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி, குதிரையின் விலாவில் விரல்களை ஊன்றி அழுத்தித் தடவிக் காட்டினார். "பனிக்காலத்தில் கண்ணை நம்பக்கூடாது, கையை நம்ப வேண்டும்" என்றார். மயிர் அடர்த்தியாக இருப்பதால் எலும்புக்கூடும் கொழுத்ததாகத் தோன்றும் என்பது அவர் விளக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1983-ல் வகுக்கப்பட்ட, 1 முதல் 9 வரை புள்ளியிடும் உடல்நிலை அளவுகோலை இன்று மிருக வைத்தியர்கள் உலகெங்கும் பயன்படுத்துகின்றார்கள். அதிலும் தொட்டுப் பார்ப்பதே முக்கியம். மாதம் ஒருமுறை எல்லாக் குதிரைகளையும் இப்படித் தடவிப் பார்த்து ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், பங்குனியில் "திடீரென்று மெலிந்துவிட்டது" என்று எவரும் சொல்ல நேராது. எந்தக் குதிரையும் திடீரென்று மெலிவதில்லை.

இதுவரை நான் சொன்னது கவனக்குறைவின் கதை. மறுபக்கத்தில் கண்மூடிய பரிவின் கதை இருக்கின்றது. அதுவும் குதிரையைக் கெடுக்கின்றது என்பதை எம்மவர்கள் அறிய வேண்டும். குளிருகின்றதே என்று லாயத்தின் கதவையும் யன்னலையும் இறுக மூடுவார்கள். உள்ளே சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயுவும் உலர்புல்லின் தூசியும் பூஞ்சையும் சேர்ந்து குதிரையின் சுவாசப்பையைத் தாக்கும். மனிதருக்கு வரும் ஆஸ்துமாவைப் போன்ற நோய் குதிரைக்கும் வரும். வந்தால் முற்றாகப் போவதில்லை. உள்ளே நுழையும் மனிதனுக்கு லாயம் இதமாக இருந்தால், குதிரைக்கு அது புழுக்கமாக இருக்கின்றது என்றே கொள்ள வேண்டும்.

போர்வையும் அப்படித்தான். நனையும் குதிரைக்கும் கிழக்குதிரைக்கும் மயிர் கத்தரித்த குதிரைக்கும் அது தேவை. ஆரோக்கியமான, மயிர் அடர்ந்த குதிரைக்கு மேல் மெல்லிய போர்வையைப் போட்டால், சிலிர்த்து நிற்க வேண்டிய மயிர் படிந்துவிடும். இயற்கை கொடுத்த உடையைக் கழற்றிவிட்டு அதைவிட மட்டமான ஒன்றை உடுத்துவது போலாகும். போட்ட போர்வையை வாரக்கணக்கில் கழற்றாமல் விட்டால் தோள் புண்ணாகும். உள்ளே குதிரை மெலிவதும் தெரியாது. போர்வையும் தானியமுமாகப் பனிக்காலம் முழுவதும் கொழுக்க வைத்த மட்டக்குதிரை, இளவேனிற் புல்லில் கால் வைத்ததும் குளம்பழற்சி கண்டு நொண்டுவதை மிருக வைத்தியர்கள் வருடந்தோறும் காண்கின்றார்கள்.

போர்வை வேண்டுமா வேண்டாமா என்று குதிரையிடமே கேட்டால் என்ன? வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். 2016-ல் வெளிவந்த அவர்களது ஆய்வில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகள் அறிமுகம் செய்யப்பட்டன. ஒன்றில் கிடைக்கோடு: போர்வையைப் போடு. மற்றதில் நிலைக்குத்துக்கோடு: போர்வையைக் கழற்று. மூன்றாவது வெறும் பலகை: இருக்கிறபடியே விடு. நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே பயிற்சி. இரண்டு வாரங்களுள் 23 குதிரைகளும் பாடத்தைக் கற்றுக்கொண்டன. பின்னர் விரும்பியதைத் தெரிவுசெய்ய விடப்பட்டபோது, நல்ல வெயில் நாட்களில் போர்வையை மறுத்தன. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாட்களில் அதைக் கேட்டன.

பயிற்றுதலும் பராமரிப்பும் இரண்டு வெவ்வேறு வேலைகள் என்ற எண்ணத்தை இந்த ஆய்வு உடைக்கின்றது. பயிற்றப்பட்ட குதிரை தன் தேவையைச் சொல்லக் கற்ற குதிரையுமாகும். அதனைப் பயிற்றும் மனிதன் கேட்கக் கற்ற மனிதனாகின்றான்.

இதனால்தான் பனிக்காலத்தில் குதிரைகளை முற்றாக ஓய்வில் விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை. பாய்ச்சலும் தாண்டுதலும் வேண்டாம். உறைந்த நிலம் கல்லைப் போன்றது. அதில் ஓடவிட்டால் மூட்டும் குளம்பும் கெடும். ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், அரை மணி நேரம், உள்ளரங்கிலோ மணல் பரப்பிய முற்றத்திலோ செய்யக்கூடியவை ஏராளம். நிற்கச் சொன்னால் நிற்பது, பின்வாங்குவது, பக்கவாட்டில் ஒதுங்குவது, தரையில் கிடக்கும் கழிகளை எண்ணி அடிவைப்பது, காற்றில் படபடக்கும் விரிப்பைக் கடந்து நடப்பது, ஏற்றிச்செல்லும் வண்டியினுள் அஞ்சாமல் ஏறுவது, நான்கு காலையும் பொறுமையாகத் தூக்கிக் கொடுப்பது. கோடையில் சவாரியின் அவசரத்தில் விடுபட்டுப் போகும் பாடங்கள் இவை.

பாடம் நடத்துவதற்கும் ஒரு முறை உண்டு. இரும்பினாலான கடிவாளத்தை முதலில் கைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். உறைந்த இரும்பை வாயில் திணிக்கப்பட்ட குதிரை, அடுத்த நாள் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் வியப்பில்லை. தொடக்கத்தில் 15 அல்லது 20 நிமிடம் நடை மட்டும். முடிவில் வியர்வை காயும்வரை மீண்டும் நடை, பின்னர் துவட்டல். வியர்த்த குதிரையை அப்படியே குளிரில் நிறுத்துவது, நனைந்த சட்டையுடன் பிள்ளையை வெளியே நிறுத்துவதற்கு ஒப்பானது. குளம்பினுள் பனி உருண்டையாக இறுகினால், குதிரை கட்டைக்காலில் நிற்பவனைப் போலத் தள்ளாடும். லாடம் அடித்த குளம்பில் இது அதிகம். ஆகவே பலர் பனிக்காலத்தில் லாடத்தைக் கழற்றி விடுகின்றார்கள். ஒவ்வொரு நாளும் குளம்பைத் துப்புரவு செய்ய வேண்டும். வளர்ச்சி குறைவாயினும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சீவவும் வேண்டும்.

பழைய காலத்து வண்டிக் குதிரைக்காரர்கள் ஒரு நோயைத் "திங்கட்கிழமை நோய்" என்று அழைத்தார்கள். ஞாயிறன்று வேலையில்லை, ஆனால் வழக்கமான தானியம் முழுவதும் வைக்கப்பட்டது. திங்கள் காலை வண்டியில் பூட்டியதும் தசைகள் விறைத்துக் குதிரை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஒரு நாள் ஓய்வும் முழுத் தீனியும் இதைச் செய்யுமானால், நான்கு மாத அடைப்பும் தானியமும் என்ன செய்யும்? இளவேனில் வந்த முதல் ஞாயிறு, பிள்ளையைச் சேணத்தில் ஏற்றுகின்றோம், குதிரை துள்ளுகின்றது, பிள்ளை விழுகின்றது. "குதிரை கெட்டுவிட்டது, விற்றுவிடுவோம்" என்கின்றோம். குதிரை கெடவில்லை. அதற்குப் பாடம் நின்று நான்கு மாதமாகிவிட்டது.

விற்றுவிடுவோம் என்ற அந்தச் சொல்லில்தான் இந்த விடயத்தின் இருண்ட பகுதி தொடங்குகின்றது. 2008 தை மாதம், இங்கிலாந்தின் அமர்ஷம் என்னும் ஊருக்கு அண்மையில் குதிரை வியாபாரி ஒருவரின் பண்ணைக்குள் அதிகாரிகள் நுழைந்தபோது, முப்பதுக்கு மேற்பட்ட குதிரைகளின் சடலங்களும், அவற்றின் நடுவே உயிரோடு நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் நின்றன. கடும் பனி ஒன்றும் அப்போது பெய்திருக்கவில்லை. தீனி இல்லை, தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். அதே வருடம் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் குதிரைகளின் விலை வீழ்ந்தது. அடுத்து வந்த பனிக்காலங்களில் பிரித்தானியாவில் வீதியோரங்களிலும் பிறர் நிலங்களிலும் குதிரைகள் கைவிடப்பட்டன. ஈற்றில் 2015-ல் இங்கிலாந்துக்கென ஒரு தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது. தன் நிலத்தில் விடப்பட்ட குதிரையை நிலச்சொந்தக்காரர் தடுத்து வைக்கலாம். நான்கு வேலைநாட்களுள் உரிமையாளர் வந்து பொறுப்பேற்காவிடின் குதிரை தடுத்து வைத்தவருக்கே உரியதாகிவிடும் என்கின்றது அச்சட்டம்.

சட்டம் தேவைதான். 2006-ன் விலங்கு நலச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2020 தொடக்கம் நடைமுறையிலுள்ள சட்டம் ஒன்ராறியோவிலும், போதிய தீனியும் தண்ணீரும் உறைவிடமும் வழங்குவதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளன. ஆனால் பரிசோதகர் வரும் நாளும் குதிரை தாகத்தில் நிற்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளையைக் குதிரையேற்றப் பள்ளியில் சேர்க்குமுன் அந்தப் பள்ளியை ஆனி மாதத்தில் பார்க்க வேண்டாம்; தை மாதத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் கையை வையுங்கள். லாயத்தினுள் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வருமானம் தராத மாதங்களில் குதிரைகளை எப்படி வைத்திருக்கின்றார்கள் என்பதே அந்தப் பள்ளியின் தரத்தைச் சொல்லும். குதிரை வாங்குவதானால், முதற் பனிக்காலத்தின் தீனிச் செலவைத் தனியே எடுத்துவைத்த பின்னர் வாங்குங்கள். அது முடியாதென்றால் வாடகைக்குச் சவாரி செய்வதில் எந்த இழுக்கும் இல்லை.

"குதிரை காட்டு மிருகந்தானே, இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. சைபீரியாவின் யாக்கூத்தியாவில் மறை 50 பாகையிலும் திறந்த வெளியில் வாழும் குதிரையினம் இருப்பது உண்மை. குளம்பினால் பனியைக் கிளறி, அடியிலுள்ள புல்லை அவை மேய்கின்றன. ஆனால் மொங்கோலியாவைப் பாருங்கள். கோடையில் வரட்சி வந்து, கால்நடைகள் கொழுப்புச் சேர்க்க முடியாமற்போய், அதன்மேல் கடும் பனி விழுந்து புல்லை மூடிவிடும் பேரிடரை அந்நாட்டவர் "சூட்" என்று அழைக்கின்றார்கள். 2009-2010 பனிக்காலத்தில் மட்டும் அங்கே குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. உலகிலேயே குளிருக்கு மிகப் பழகிய குதிரைகளுள் அவையும் அடங்கும். கொன்றது குளிர் மட்டுமன்று. கோடையில் தொடங்கிய பசியும்தான். பனிக்காலத்தின் விதி கோடையிலேயே எழுதப்படுகின்றது.

இந்தச் சொற்களை எழுதும்போது நெடுந்தீவை நினையாதிருக்க என்னால் முடியவில்லை. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அங்கே குதிரைகள் வளர்க்கப்பட்டன. லாயங்களின் இடிபாடுகளை இன்றும் காணலாம். ஆட்சியாளர் போனார்கள், குதிரைகளின் சந்ததி தங்கிவிட்டது. சேணமும் கடிவாளமும் அறியாமல், மந்தை மந்தையாக அந்தத் தட்டை நிலத்தில் அவை திரிகின்றன. எமது தேசத்துக் குதிரைகளுக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் ஆடி, ஆவணியில் புல் கருகி, குளங்கள் வற்றி, கிணறுகள் உவராகும்போது அவற்றுக்கு வருவதும் அதே பருவந்தான். பனி மூடினாலும் வெயில் கருக்கினாலும் குதிரைக்கு இல்லாமற் போவது புல்லும் தண்ணீருமே. வரட்சியில் அவை நீர்தேடி அலைந்து இறந்த செய்திகளைப் பத்திரிகைகளில் நாங்கள் பலமுறை பிரசுரித்திருக்கின்றோம். மழை வந்ததும் செய்தி மறைந்துவிடும்.

2015-ல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் படகில் வந்து படம் எடுத்துச் செல்கின்றார்கள். பார்ப்பதற்கு உரிமை கோரும் நாம், பார்த்துக்கொள்ளும் கடமையையும் ஏற்க வேண்டும். சித்திரையிலேயே நீர்த்தொட்டிகளைத் திருத்துவதும், குளங்களைத் தூர்வாருவதும், வரட்சி முற்றும் வாரங்களுக்கென நீர்த்தாங்கிகளை ஆயத்தமாக வைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் திட்டங்கள் அல்ல. தீவுவாசிகளே தண்ணீருக்குக் காத்திருக்கும் இடத்தில் குதிரைக்குத் தண்ணீரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மனிதருக்கு ஆவணியில் வரும் தட்டுப்பாட்டைச் சித்திரையில் எண்ணாத நிர்வாகந்தான் குதிரைக்கும் எண்ணுவதில்லை. இரண்டும் ஒரே மறதி. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும்.

மூடிய லாயமும் உறைந்த தொட்டியும் வற்றிய குளமும் வெவ்வேறு நாடுகளில் இருக்கலாம். மூன்றிலும் நடந்தது ஒன்றே: எவரும் அருகே போய்ப் பார்க்கவில்லை. பனியில் நிற்கும் குதிரையின் படத்தைக் கண்டு இரங்கும் அன்பர்கள், அடுத்த முறை அந்த வேலியின் அருகே நடந்து செல்லுங்கள். உலர்புல் கிடக்கின்றதா, தண்ணீர் உறையாமல் இருக்கின்றதா, காற்றுக்கு ஒதுங்க ஒரு மறைப்பு இருக்கின்றதா என்று மட்டும் பாருங்கள். மூன்றும் இருந்தால் அந்தக் குதிரையைப் பற்றிக் கவலைப்படாமல் வீட்டுக்குப் போய்த் தேநீர் அருந்தலாம். ஒன்று இல்லையென்றாலும், படம் எடுப்பதை விட்டுவிட்டு, பண்ணைக்காரரின் கதவைத் தட்டுங்கள்.